பாலே விருந்தில் எங்கள் கம்பெனி டேபிள்

செக்ரட்டரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது டைப்பிங் வேகம் கேட்பார்கள், இங்கிலீஷில் நாலு வரி எழுதச் சொல்லிப் பார்ப்பார்கள். முதலாளிக்குப் போகப் பிடிக்காத விழாவுக்குப் பத்துப் பேரைப் பிடித்துக்கொண்டு போகத் தெரியுமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் துபாயில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனி ஒன்றில் செக்ரட்டரி. வெங்காயம், வடக்கயிறு, பெயின்ட், பல்பு என்று கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு எது வேண்டுமோ அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். இதற்கும் பாலே நடனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் முதலாளி நாதிர் ஜோர்டான்காரர். அவருடைய மனைவி மேடம் ரீமா, இங்குள்ள சின்ன பாலே குழு ஒன்றின் கமிட்டியில் இருக்கிறார். அந்தக் குழு ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்கும்போது ஒரு பெரிய ஹோட்டலில் நிதி திரட்டும் விருந்து நடத்தும். கொஞ்சம் நடனம், கொஞ்சம் சாப்பாடு, நிறையக் கைகுலுக்கல். மனைவிக்காக முதலாளி வருஷா வருஷம் ஒரு டேபிள் எடுப்பார். டேபிள் என்றால் பத்து நாற்காலி. எடுத்துவிட்டு, அந்த வாரமாகப் பார்த்துத் தன் ஊரான அம்மானுக்கு விமான டிக்கெட் போடச் சொல்வார். டிக்கெட் போடுவதும் நான்தான், நாற்காலிகளை நிரப்புவதும் நான்தான். ஒன்று காலியாக இருந்தாலும் மறுநாள் காலை மேடம் ரீமாவிடமிருந்து போன் வந்துவிடும்.

இப்படி முதலாளி வாய்த்த செக்ரட்டரிகள் எல்லா ஊரிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, நமக்கு மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

குடும்பத்துடன் வருக

முதல் வருஷம் எனக்கு விவரம் பத்தவில்லை. ஆபீசில் ஒவ்வொரு மேசையாகப் போய், "சனிக்கிழமை சாயங்காலம் பெரிய ஹோட்டல்ல சாப்பாடு, கம்பெனி செலவு, வந்துடுங்க" என்று சொன்னேன். சாப்பாடு என்றதும் யாரும் மறுக்கவில்லை. புஜைரா கிளையிலிருந்து மூன்று பேர் தாங்களாகவே போன் செய்து பேர் கொடுத்தார்கள். ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று, என்னோடு பத்து என்று நிம்மதியாக இருந்தேன்.

சனிக்கிழமை ஹோட்டல் வாசலில் நின்று பார்த்தால், ஒன்பது பேரும் மனைவி மக்களோடு வந்து இறங்குகிறார்கள். நம் ஊரில் ஒருத்தரைக் கூப்பிட்டால் வீட்டையே கூப்பிட்டதாகத்தான் அர்த்தம். ஆளை மட்டும் கூப்பிடுவதானால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு வரவும் மாட்டார். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. புஜைராக்காரர் ஒருவர், விசிட் விசாவில் வந்திருந்த மாமனாரையும் கூட்டி வந்திருந்தார். "ஊர்லேர்ந்து வந்த மனுஷனை வீட்ல தனியா விட்டுட்டு வர முடியுமா மேடம்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஒரு மேசையைச் சுற்றி இத்தனை பேர் உட்கார்ந்து அந்த ஹோட்டல் பார்த்திருக்காது. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரே நாற்காலியில் இரண்டு பெண்கள் ஒட்டிக்கொண்டார்கள். பக்கத்து டேபிளில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி, எங்கள் கைக்குழந்தை தங்கள் பக்கம் நீட்டிய முறுக்கை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தவித்தார்கள். ஹாலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் ஷாஜி, கோட்டயத்துக்காரர். எங்கிருந்தோ நாற்காலிகளைச் சுமந்து வந்து போட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்து சொன்னார்: "சேச்சி, எங்க கணக்குல ஒரு டேபிள்னா பத்துப் பேர். உங்க கணக்குல எத்தனைன்னு முன்னாடியே சொல்லிடுங்க, அடுத்த வருஷம் ரெண்டு டேபிளை ஒட்டிப் போட்டுடறேன்."

கறுப்பு உடை

அடுத்த வருஷம் உஷாராகிவிட்டேன். "ஆபீஸ் ஆட்கள் மட்டும்" என்று கறாராகச் சொன்னேன். உடனே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் வேறு வேலை இருந்தது. ஒருவழியாக ஆள் சேர்த்து முடித்தால், விழா அன்று மத்தியானம் ஒருவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். ஆபீசில் மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் பார்க்கும் செல்வகுமார் ஒருவர்தான். அவர் கார்த்திகையில் மாலை போட்டிருந்தார். தாடி, கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பு கிடையாது.

"மேடம், நான் விரதத்துல இருக்கேன். அங்கல்லாம் வரலாமா?" என்று தயங்கினார். அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். ஆண்கள் கறுப்பு உடையில் வரவேண்டும் என்று போட்டிருந்தது. "இந்த ஆபீஸ்லயே இதை ஒழுங்கா கடைப்பிடிக்கிறவர் நீங்க ஒருத்தர்தான், கிளம்புங்க" என்றேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி அவர் காலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே அவருக்குப் பழத்தட்டு மட்டும் சொல்லிவிட்டு நான் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால், கமிட்டியைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்தியோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். விடிவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, மலை ஏறுவது எல்லாவற்றையும் செல்வகுமார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் ஏதோ நவீன நடனக் குழுவின் ஆசான், இது அவர்களுடைய பயிற்சிமுறை என்று அந்த அம்மா முடிவுகட்டிவிட்டார் என்பது எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தன் குழுப் பிள்ளைகளிடம் இந்தக் கட்டுப்பாடு இல்லையே என்று வேறு அங்கலாய்த்தார். திரும்பும்போது லிஃப்டில் செல்வகுமார் சொன்னார்: "மேடம், அந்தம்மா அடுத்து உங்க ப்ரோக்ராம் எங்கன்னு கேட்டாங்க. சபரிமலைன்னேன். டிக்கெட் கிடைக்குமான்னாங்க. டிக்கெட்லாம் இல்ல, கியூல நிக்கணும்னு சொல்லிட்டேன்."

சாப்பிட்டிருக்குமா?

எங்கள் அக்கவுண்டன்ட் சுந்தரேசனின் மனைவி பானுமதி, கும்பகோணத்துக்காரி. அல் குசைஸில் எங்களுக்கு அடுத்த பில்டிங். வீட்டு ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். மூன்றாம் வருஷம் அவளாகவே, "நானும் வரேண்டி, அப்படி என்னதான் ஆடறாங்கன்னு பாக்கறேன்" என்று வந்தாள். ரசிக்க வரவில்லை, மார்க் போட வந்தாள்.

விளக்கு அணைந்ததிலிருந்து என் காதில் ஓயாத வர்ணனை. "பாட்டே கிடையாதா? முகத்துல ஒரு பாவமும் இல்லையே. கையை இப்படியே வெச்சுண்டிருந்தா என்ன அர்த்தம்?" நானும் ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒல்லியாக ஒரு பெண் தனியாக வந்து, கட்டைவிரல் நுனியில் ஏறி நின்றாள். நின்றபடியே மெல்லத் திரும்பினாள். பானுமதியின் வர்ணனை நின்றுவிட்டது.

சாப்பாட்டின்போது பார்த்தால் ஆளைக் காணோம், அவளுடைய தட்டையும் காணோம். தேடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். அந்தப் பெண் ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் பாதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களிலெல்லாம் பிளாஸ்திரி. பானுமதி பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெஜிடபிள் புலாவ் தட்டு. குழுவை நடத்தும் லோர்னா, பிலிப்பைன்ஸ்காரர், சின்ன உருவம், என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்கள் தோழி என்ன சொல்லிக்கொண்டே இருக்கிறார்? தப்பு ஏதாவது பார்த்தாரா?" என்று பதற்றமாகக் கேட்டார். பானுமதியைக் கேட்டேன். அவள் கையை எடுக்காமலே சொன்னாள்: "தப்பா? தெய்வமே ஆடின மாதிரி இருக்குன்னு சொல்லு. ஆனா கை காலெல்லாம் குச்சியா இருக்கே, இவளுக்கு வீட்ல யாருடி சோறு போடறா?"

பின்னால் நிற்கும் மரம்

என் மகள் யாழினி பாலேவுக்குப் போனது நான் திட்டம் போட்டு நடந்ததல்ல. அந்தச் சமயம் அவளுடைய உயிர்த்தோழியின் அப்பாவுக்கு வேலை போய், குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இங்கே இது சகஜம். பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு சிநேகிதம் இப்படி விமானம் ஏறிவிடும். பெரியவர்கள் நாம் ஏர்போர்ட்டில் கையாட்டிவிட்டு வந்து வேலையைப் பார்க்கிறோம். யாழினி பேசுவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால் "ஓகே", "நத்திங்", அவ்வளவுதான். எனக்கும் அவள் அப்பாவுக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை, பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மேடம் ரீமாவின் கவர் ஒன்றைக் கொடுக்க லோர்னாவின் பயிற்சி ஹாலுக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போனேன். அங்கே வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடக்கும். அதற்காகத்தான் அந்த விருந்தே. வாசலில் நின்ற யாழினியை லோர்னா ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திக்கொண்டார். அன்று திரும்பி வரும்போது காரில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் வண்டியை வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டினேன்.

அவள் பெரிய நர்த்தகி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாமான் எதுவும் ஒரு வருஷம் தாண்டுவதில்லை என்பதிலிருந்தே அவள் நடையைத் தெரிந்துகொள்ளலாம். சேர்ந்த முதல் வருஷம் காட்டுக் காட்சியில் அவளுக்கு மரம் வேஷம் கொடுத்தார்கள். டி.வி.க்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று பழகுவாள், அவள் அப்பா கிரிக்கெட்டை அந்தக் கிளைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் அசையேன்டி, மரம்னா காத்துல ஆடாதா?" என்றேன். "அம்மா, ப்ளீஸ். நான் பேக்ரவுண்ட் ட்ரீ. பேக்ரவுண்ட் மூவ் ஆகக்கூடாது" என்றாள். இதைச் சொல்லி லோர்னாவிடம் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "சுதா, சும்மா நிற்பதுதான் ரொம்பக் கஷ்டம். அது உன் பெண்ணுக்கு வந்துவிட்டது, இனிமேல் ஆடுவதெல்லாம் சுலபம்" என்றார்.

அப்புறம் பார்க்கலாம்

இந்த வருஷம்தான் இடி விழுந்தது. லோர்னாவின் ஹால் ஒரு கிடங்கின் பாதி. சொந்தக்காரர் அதை இடித்துச் சரிசெய்து டென்னிஸ் மாதிரி ஆடும் பேடலுக்குக் கோர்ட் போடப் போகிறார். இப்போது இந்த ஊரில் மூலைக்கு மூலை அந்த விளையாட்டுதான். விருந்து நடக்கும் மாதத்தோடு காலி செய்தாக வேண்டும். நடனத்துக்கு உயரமான கூரை வேண்டும், நடுவில் தூண் இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் லோர்னா கொடுக்கக்கூடிய வாடகையில் எங்குமே இல்லை. வகுப்பு நின்றுபோனால் யாழினி மறுபடியும் "நத்திங்" சொல்லும் பெண்ணாகிவிடுவாளோ என்பதுதான் எனக்கு இருந்த கவலை. அந்த வகுப்பில் அவளைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள்.

எங்கள் கம்பெனிக்கு அல் கூஸில் ஒரு பழைய கோடவுன் இருக்கிறது. உயரமான கூரை, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சாமான் முழுவதும் புஜைராவுக்கு மாறிய பிறகு அது பூட்டியே கிடக்கிறது, ஒப்பந்தம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன். "லேட்டர், சுதா" என்றார். கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "கோடவுனில் கயிறு வைப்பார்கள், பெயின்ட் வைப்பார்கள். டான்ஸ் வைப்பார்களா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தனக்குப் புரியாத விஷயத்தைத் தள்ளிப்போடுவார். நம் முதலாளிகள் எல்லாருக்கும் இந்தக் குணம் பொது.

இதை டீ குடிக்கும் இடத்தில் பர்ச்சேஸ் பார்க்கும் கோவிந்தராஜன் அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன். விருதுநகர்க்காரர். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் அவர் இல்லாமல் ஒரு பொங்கல் விழா நடந்ததில்லை. கார் டிக்கியில் எப்போதும் நாலு சால்வை ஸ்டாக் இருக்கும். யார் எங்கே எதற்குக் கௌரவிக்கப்பட வேண்டியிருக்குமோ என்ற முன்யோசனை. இந்த வருஷம் மேடம் ரீமாதான் விழாத் தலைவி, அதனால் முதலாளியின் அம்மான் டிக்கெட்டை மேடமே கேன்சல் செய்யச் சொல்லிவிட்டார் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். கோவிந்தராஜன் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "முதலாளியே வர்றாரா? அப்ப என் பேரையும் போட்டுக்கம்மா. சத்வாவுல போயி ரெண்டு நல்ல சால்வையா எடுத்துட்டு வந்துடறேன்."

குளிருக்கு ஒரு சால்வை

விழாவில் முதலாளி எனக்கு எதிரே, கழுத்தில் பட்டாம்பூச்சி டையோடு, தண்டனை பெற்ற மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். யாழினிக்கு இந்த வருஷம் மரத்திலிருந்து காற்றாகப் பதவி உயர்வு. ஓடி வந்தாள், சுற்றினாள், யார் மேலும் மோதவில்லை. கடைசியில் மூச்சு வாங்க நின்று சபையைப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுதேன், மறைக்கவெல்லாம் இல்லை. முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்கி, "அது உன் பெண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு போனை அவர் எடுத்ததை நான் பார்க்கவில்லை.

முடிவில் லோர்னா மைக் முன்னால் வந்தார். கையில்லாத மெல்லிய கவுன். இங்குள்ள ஹோட்டல் ஹால்களின் ஏ.சி. எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நடுங்கிக்கொண்டே நன்றி சொன்னார். அடுத்த மாதம் முதல் தங்களுக்கு இடமில்லை, அடுத்த விருந்து இருக்குமா என்றும் தெரியவில்லை என்றார். சபை உச்சுக்கொட்டியது. அப்போது பார்த்து கோவிந்தராஜன் அண்ணன் எழுந்தார். கையில் ஜரிகைக்கரை போட்ட சிவப்புச் சால்வை. இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே டேபிள்களுக்கு நடுவே நடந்து மேடை ஏறினார். தொகுத்து வழங்கியவர் கையிலிருந்த அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் இவர் இல்லை.

அண்ணன் சால்வையை விரித்துப் போர்த்தினார். போட்டோகிராபர் வரும்வரை இரண்டு முனையையும் விடவில்லை. நம் விழாக்களில் போர்த்திய அடுத்த நிமிஷமே அதை எடுத்துப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். லோர்னாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. கழுத்துவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஹாலில் பெரிய கைதட்டல். மைக் அவர் வாய்க்கருகே இருந்ததால் அவர் அண்ணனிடம் தனியாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "சாயங்காலத்திலிருந்து இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். இதை நான் திருப்பித் தர வேண்டுமா?"

மேடையில் ஒரு கோரிக்கை

தமிழ் விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், சால்வை என்பது மைக்கைத் தொடுவதற்கான அனுமதிச்சீட்டு. லோர்னா நகர்வதற்குள் அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார். நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்றால், ஊருக்கு ஒரு பாலம் வேண்டுமென்றால், தலைமை விருந்தினரை மேடையில் உட்கார வைத்துவிட்டுச் சபைக்கு நடுவில் கோரிக்கை வைப்பார்கள். அத்தனை பேர் முன்னால் மனுஷன் எப்படி மாட்டேன் என்பான்? அண்ணன் இதில் கைதேர்ந்தவர். ஆனால் இது பாலே விருந்து. இங்கே நன்கொடையை அச்சடித்த கார்டில் எழுதி, மடித்து, கவரில் போட்டுக் கொடுப்பார்கள்.

"மரியாதைக்குரிய விழாத் தலைவி அவர்களே, பாலே ரசிகப் பெருமக்களே" என்று இங்கிலீஷில் தொடங்கினார். எங்கள் முதலாளியின் தயாள குணத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். அவர் கையால் எத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அல் கூஸில் பூட்டிக் கிடக்கும் எங்கள் கோடவுனை இந்தக் குழந்தைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று இந்தச் சபையின் சார்பில் முதலாளி அவர்களிடம் ஒரே ஒரு பணிவான கோரிக்கை வைக்கிறேன்" என்று முடித்தார். முடித்துவிட்டு இறங்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹால் மொத்தமும் எங்கள் டேபிள் பக்கம் திரும்பியது. அண்ணனுக்கு வேலை போகும், இந்த யோசனை என்னுடையது என்று எனக்கும் போகும். விசா கேன்சல் ஆனால் யாழினியும் ஏர்போர்ட்டில் யாருக்காவது கையாட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மேடம் ரீமா கணவரைப் பார்க்கவே இல்லை. தன் ஸ்பூனை நேராக வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி எழுந்தார். மடியிலிருந்த நாப்கின் கீழே விழுந்தது. வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்து, "கலாஸ், பேச்சு முடிந்தது. கோடவுன் பிள்ளைகளுக்கு" என்றார்.

லோர்னா சால்வையோடு மேடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து அவர் மேல் விழுந்தார்கள், காற்றும் மரமும் முயலும் எல்லாமுமாக. ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. கோவிந்தராஜன் அண்ணன் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "இன்னொரு சால்வை கைவசம் இருக்கும்மா. முதலாளிக்கு இப்பவே போட்டுடவா, இல்ல சாப்பாட்டுக்கு அப்புறமா?"

காபி ஆறும்வரை

திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நான் ராஜினாமாவுக்கு வாசகம்கூட யோசித்துவிட்டேன். முதலாளி எங்களை உட்காரச் சொன்னார். பையனை அனுப்பாமல் தானே குடுவையிலிருந்து சின்னக் கப்புகளில் காபி ஊற்றினார். "உன்னை யார் பேசச் சொன்னது?" என்று அண்ணனைக் கேட்டார். "யாரும் சொல்லல சார். எங்க ஊர்ல இதுதான் வழக்கம்" என்றார் அண்ணன். அதுதான் உண்மை.

முதலாளி குடுவையை மூடி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். அவர் ஊரில் பெண் கேட்கப் போகிறவர்களுக்கு முதலில் காபி கொடுப்பார்களாம். அவர்கள் அதைத் தொடமாட்டார்களாம், கப்பை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார்களாம். வீட்டுக்காரர் "குடியுங்கள்" என்றால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம். காபி ஆறிப்போகும்வரை விருந்தாளியைக் காக்க வைத்தால் வீட்டுக்குத்தான் அவமானம். "நீ மைக்கை விடாமல் நின்றாயே, அப்போதே எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது" என்றார். எங்கள் முன்னால் இருந்த கப்புகளை அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் இருவரும் பயத்தில் அவற்றைத் தொடவே இல்லை. முதலாளியும் கவனித்தார், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடியுங்கள், யல்லா, சீக்கிரம். சுதா, அடுத்த வருஷம் எனக்கு அம்மான் டிக்கெட் வேண்டாம். ஆனால் இவரை என் பக்கத்தில் உட்கார வை, எழுந்தால் நான் கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். புஜைராவில் நமக்கு இன்னும் எத்தனை கோடவுன் இருக்கிறது என்று இவருக்குத் தெரியும்!"

கோடவுனைக் கழுவித் தள்ளியும் வெங்காய வாசனை இன்னும் போகவில்லை. லோர்னா அதன் மேல் மரத்தளம் போட்டிருக்கிறார். பிள்ளைகள் தும்மிக்கொண்டே ஆடுகிறார்கள். யாழினி போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு எப்படி அசையாமல் நிற்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், வாய் ஓயவில்லை.

ஆக, செக்ரட்டரி வேலையில் நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டால் அதற்குத் தண்டனையாக ஒரு வேலை கூடுதலாக வந்து சேரும் என்பதற்கு, சனிக்கிழமை காலை லீவு நாளில் அல் கூஸ் வரை போய் அந்தத் துருப்பிடித்த ஷட்டரைத் தூக்கிவிட்டு வரும் நானே சாட்சி.